மூன்று மில்லிமீட்டர் வளையத்துக்குத் தெரிந்த நாள்

ஆராய்ச்சி எலிகளை வளர்க்கிற இந்த அனிமல் ஹவுஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு விஷயம் எழுதித் தரச் சொன்னார்கள். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தண்ணீர்ப் பாட்டில் ஒழுகுகிறதா என்று பார்ப்பது எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, வாசித்துக்கொள்ளுங்கள். என்னிடம் நாலு விஷயம் இல்லை, ஒன்றுதான் இருக்கிறது. அது நான் பத்தொன்பது வருடம் விடாமல் செய்த ஒரு தப்பு. அந்தத் தப்பால் ஒரு பெண்ணின் படிப்பே போயிருக்கும். அதே தப்பு வழியாகத்தான் என் வாழ்நாளிலேயே நான் வாயடைத்து நின்ற ஒரு காட்சியையும் பார்த்தேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருடம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தேன். அங்கே ஒரு போர்மேன் இருந்தார். மெலிந்த ஆள், குரலை உயர்த்தவே மாட்டார். காலையில் வெடிமருந்து செலுத்துகிற அறைக்கு யார் யார் போவது என்று அவர்தான் பொறுக்குவார். "நான் போறேண்ணே" என்று முன்னால் வந்து நிற்கிற பெண்ணை ஒருநாளும் அனுப்ப மாட்டார். மூலையில் தன் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பவளைத்தான் கூப்பிடுவார். நான் ஒருமுறை காரணம் கேட்டேன்.

"துறுதுறுன்னு இருக்குற கை மருந்துக்கு ஆகாது பிள்ளை. எவ இருக்குற இடம் தெரியாம இருக்காளோ, அவதான் உள்ள போகணும்" என்றார்.

அந்த ஆறு வருடத்தில் எங்கள் அறையில் ஒரு தீப்பொறி பறந்ததில்லை. அவர் புண்ணியத்தில்தான் பத்து விரலோடு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னது என் கையில் அப்படியே ஊறிப்போய்விட்டது.

அந்தக் கையோடுதான் இங்கே வந்தேன். எலிக் கூண்டின் மூடியைத் திறந்தால் ஒன்று ஓடிவந்து விரலை மோந்து பார்க்கும், பின்காலில் எழும்பி நிற்கும். அதை ஒதுக்கிவிட்டு, மூலையில் சுருண்டு கிடப்பதைத்தான் எடுப்பேன். பழக்கம் ஒரு காரணம். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தானாக நம்மை நம்பி ஓடிவருகிறதைப் பிடித்து ஆய்வு மேசைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்குப் பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஆனால் விதி வேறு. ஒவ்வொரு எலிக்கும் வாலில் எண் உண்டு. அந்த எண்களைச் சீட்டில் எழுதி மடித்து ஒரு டப்பாவில் போட்டு, குலுக்கி, எந்த எண் வருகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு பதிவேட்டில் 'குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கையெழுத்தை மட்டும் தவறாமல் போட்டுவந்தேன். ஒரே வயசு, ஒரே எடை, ஒரே தீனி, இதில் எது போனால் என்ன என்று நினைத்தேன். என் கையில் கடியே படாது என்பதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு.

செல்வராணி ஆராய்ச்சிக்கு வந்தபோது எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனைக்குட்டம் பக்கத்துப் பெண். அவள் அம்மா பட்டாசுக் கம்பெனியில் திரி பின்னுகிறவர். பெண் எலியின் ரத்தக்குழாயைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். துறைத் தலைவருக்கு இஷ்டமில்லை.

"ஆண் எலின்னா மூணு வருஷத்துல முடிச்சிட்டுப் போயிரலாம்மா. பெண் எலின்னா நம்பர் ஒரு நிலையில நிக்காது. அதனாலதான் அதிகம் பேர் தொடுறதில்ல" என்றார்.

"எங்க அம்மாவுக்கு மாசாமாசம் வர்றது நின்ன பிறகுதான் சார் பிரஷர் வந்துச்சு. அதுவரைக்கும் எதுவோ ஒண்ணு தடுத்து வச்சிருந்திருக்குல்ல? அதை ஆண் எலிகிட்டப் போயி எப்படி சார் கேக்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அவள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எலியின் இதயத்திலிருந்து புறப்படுகிற பெரிய ரத்தக்குழாயிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு வளையம் வெட்டி, வெதுவெதுப்பான உப்புநீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்ட வேண்டும். சுருங்க வைக்கிற மருந்தை ஒரு சொட்டு விட்டால் வளையம் இறுகும், கம்ப்யூட்டர் திரையில் கோடு மேலே ஏறும். பிறகு தளர்த்துகிற மருந்தை விட்டால் கோடு கீழே இறங்கும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்குக் குழாய் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். உடம்பை விட்டுப் பிரிந்து வந்த பிறகும் அந்தத் துணுக்கு மணிக்கணக்கில் இறுகிக்கொண்டும் தளர்ந்துகொண்டும் இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது வெறும் கோடு. எனக்கு ஒருநாளும் அப்படிப் பழகவில்லை.

முதல் ஏழெட்டு மாதம் எலி எடுத்துக் கொடுத்தது நான். கோடு அநேகமாக ஒவ்வொரு தடவையும் ஏறின உயரத்தில் பாதிக்கு இறங்கி நின்றது. ஒன்றிரண்டு தவிர எல்லா எலியிலும் அதே கதை. துறைத் தலைவருக்கே சந்தோஷம். அப்போது என் மகளுக்குக் காரியாபட்டியில் பிரசவம். ஒரு மாதம் விடுப்பில் போனேன். செல்வராணி தானே எலி எடுத்து வேலையைத் தொடர்ந்தாள்.

நான் திரும்பி வந்த அன்று அவள் உமி மூட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. அழுது ஓய்ந்த முகம்.

"என்னத்தா ஆச்சு?"

"நீங்க போன நாள்லருந்து கோடு தாறுமாறா வருதுக்கா. ஒரு எலியில அடிவரைக்கும் இறங்குது, அடுத்ததுல பாதியில நிக்குது. முதல் பாதி அச்சடிச்ச மாதிரி இருக்கு, ரெண்டாவது கிறுக்கின மாதிரி இருக்கு, ரெண்டுல ஒண்ணை நீயே எழுதியிருக்கன்னு சொல்லுறாக. ரெண்டு வாரத்துல விசாரணைக் கமிட்டி. பொய்னு முடிவாச்சுன்னா பேரை எடுத்துருவாக. அப்பறம் எங்கனயும் சேர முடியாது."

அவளுக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவள் அம்மா திரி பின்ன உட்கார்ந்திருக்கிற பாயில் இன்னொரு இடம் காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு பேருமாக ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். உப்புநீர் சரி. சூடு சரி. மருந்துப் பாட்டில்களின் தேதி சரி. வளையத்தின் உள்பக்கத்தில் இடுக்கி உரசிவிட்டால் குழாய் தளராது. அவள் கை அதிலும் சுத்தம். மத்தியானம் வரை தேடி ஒன்றும் அகப்படவில்லை. அப்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீக. நீங்க லீவுல போனதும் சீட்டு டப்பாவை எடுத்தேன். உள்ள இருந்த சீட்டு எல்லாம் வெட்டி மடிச்ச மாதிரியே மொறுமொறுன்னு இருந்துச்சு. ஒரு மடிப்புகூடக் கலையல. நீங்க சீட்டே எடுத்ததில்லையாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. எடுத்த எடுப்பில் கோபம்தான் வந்தது. நேற்று வந்த பெண் என்னைக் கேட்கிறாளே என்று வாய் வரைக்கும் ஒரு வார்த்தை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, கூண்டைத் திறந்து நான் எடுக்கிற விதத்தைக் காட்டினேன். ஒன்று ஓடிவந்து விரலை மோந்தது. என் கை தானாக அதைத் தாண்டி மூலைக்குப் போனது.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் அதை விட்டுட்டீக?"

போர்மேன் கதையைச் சொன்னேன். மனசு வராததையும் சொன்னேன். அவள் போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். பெண் எலிக்கு மாதக் கணக்கு இல்லை, நாலைந்து நாளில் ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்கிவிடும் என்று அதில் இருந்தது. அது எனக்கும் தெரிந்ததுதான். சுற்றின் சில நாட்களில் அது துறுதுறுவென்று அலையும், சில நாட்களில் அடங்கிக் கிடக்கும் என்பதை மட்டும் நான் என் வேலையோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. பத்தொன்பது வருடமாகக் கூண்டுக்குள் கையை விடுகிறவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

மறுநாள் காலையிலிருந்து, அறையில் இருந்த பெண் எலிகள் அனைத்தையும் பார்க்க ஆரம்பித்தோம். உப்புநீர் ஒரு சொட்டு, பிறப்புறுப்பின் வாயில் மெல்ல விட்டு எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. எலிக்கு வலிக்காது. குறித்துவைக்க, காலண்டர் அச்சடிக்கிற எங்கள் ஊரில் காகிதத்துக்கா பஞ்சம்? அச்சுப் பிசகின தினசரிக் காலண்டர் தாள்கள் அலமாரி நிறையக் கிடந்தன. அதன் வெற்றுப் பக்கத்தில் எலிக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் ஒரு எலியின் தகட்டில் உருண்டை உருண்டையாகச் செல்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி. வேகும்போது ஜவ்வரிசி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியோடு இருக்குமே, அதே மாதிரி. மறுநாள் அதே எலியில் ஜவ்வரிசி ஒன்றுகூட இல்லை. புள்ளியில்லாத காய்ந்த வெங்காயச் சருகு குவிந்து கிடந்தது. மூன்றாம் நாள் சருகுக்கு நடுவே கடுகு போலச் சின்னச் சின்ன அணுக்கள் வந்து சேர்ந்தன. நாலாம் நாள் பார்த்த இடமெல்லாம் கடுகு. ஐந்தாம் நாள் காலை நான்தான் முதலில் குனிந்து பார்த்தேன். ஜவ்வரிசி திரும்ப வந்திருந்தது.

"செல்வராணி, இங்கன வா" என்றேன். அவள் வருவதற்குள் இன்னொரு தரம் குனிந்து பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளை எலி, ஒரே சிவப்புக் கண். உள்ளே நாலு நாளைக்குள் எல்லாவற்றையும் கலைத்து, பெருக்கி, புதிதாகக் கட்டி முடித்திருக்கிறது. நான் தீனி போட்டுவிட்டு வீட்டுக்குப் போன அத்தனை நாளும் இது நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

பிறகு என் பழக்கப்படி சிலதை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். தாளைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் கடுகு நாளில் இருந்தவை. முழுக்க இதனால்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், எலியிலும் சோம்பேறி உண்டு. ஆனால் என் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

மீதி இருந்தது வளையம். ஜவ்வரிசி நாளில் இருந்த ஒன்று, கடுகு நாளில் இருந்த ஒன்று. இரண்டு வளையங்களும் பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிக் குழாய்களில். ஒரே உப்புநீர், ஒரே சூடு, ஒரே மருந்து. இரண்டும் இறுகின. தளர்த்தும் மருந்தை அவள் ஒரே நேரத்தில் இரண்டிலும் விட்டாள். கடுகு நாள் வளையத்தின் கோடு பாதி இறங்கி நின்றது. ஜவ்வரிசி நாள் வளையத்தின் கோடு இறங்கியது, இன்னும் இறங்கியது, தொடங்கின இடத்துக்கே ஏறக்குறைய வந்து சேர்ந்தது.

அந்த எலி இப்போது இல்லை. சினைப்பை இல்லை, ஓடுகிற ரத்தம் இல்லை, மூளையிலிருந்து ஒரு செய்தி வர வழியில்லை. உப்புநீரில் தொங்குகிற மூன்று மில்லிமீட்டர் சதை மட்டும் இருக்கிறது. அதற்கு இன்று என்ன நாள் என்று தெரிந்திருக்கிறது. உள்சுவரில் அந்த நாளை எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. கும்பிடத் தோன்றியது. கூச்சப்படாமல் சொல்கிறேன், கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கழுத்திலிருந்து காது வரை குப்பென்று அனல் ஏறியது. மாதவிலக்கு நிற்கிற வயசு, அந்த வருடம் அது எனக்கு அடிக்கடி வரும். ஈரக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு விருதுநகர் வெயில் மேல் பழியைப் போட்டுவிடுவேன். அன்று துடைக்கவில்லை. என் ரத்தக்குழாய்களும் ஏதோ ஒரு கணக்கை முடித்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதானே என்று நின்றேன். செல்வராணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்க்கா சிவக்கும்" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள்.

இனிமேல்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. கமிட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது துறைத் தலைவர் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"ரெண்டாவது பாதியை எடுத்துரும்மா. கை பழகாத நாள்ல செஞ்சதுன்னு எழுதிக்குடு. முதல் பாதி அழகா இருக்கு, அதை வச்சே போயிரலாம். நான் பேசிக்கிடுறேன்."

அவள் வந்து இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்கவில்லை. கூண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கணக்குப் போட்டேன். அவள் சரி என்றால் அவளுக்குப் பட்டம், எனக்கு நிம்மதி. இல்லை என்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். பத்தொன்பது வருடம் பொய்க் கையெழுத்து என்றால் வேலை போகலாம். இந்த அறையிலிருந்து பெண் எலி வாங்கிப் போய் ஆய்வு எழுதினவர்கள் அத்தனை பேரும் என்னைத்தான் திட்டுவார்கள். மகளுக்குக் குழந்தை பிறந்த நேரம் வேறு. ஒரு ராத்திரி தூக்கம் இல்லை. ஆனால் அழகாக இருக்கிற பாதிதான் பொய், தாறுமாறாக இருக்கிற பாதிதான் நிஜம் என்பது எனக்குத் தெரியுமே. தெரிந்த பிறகு அவளை ஒழுங்காகச் செய்த வேலைக்கு மன்னிப்புக் கேட்க விடுவதா?

கமிட்டி அறைக்குக் காலண்டர் தாள்களைக் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு நானும் போனேன். என்னை யாரும் அழைக்கவில்லை. நடுவில் வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்கள், நரைத்த தலை.

"நீங்க யாரு?"

"எலி எடுத்துக் குடுக்குறவ. இந்தப் பிள்ளை மேல தப்பு இல்லம்மா. அச்சடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்றீகளே, அந்த அச்சு என் கைதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். துறைத் தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று அந்த அம்மா கேட்டார்கள்.

"பத்தொம்பது வருஷமா."

"யாரும் கேக்கலையா?"

"எலி கடிக்காம வந்து சேர்ந்தா யாரும்மா கேக்கப் போறா?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அடக்கிக்கொண்டார்கள். எழுந்து, "வாங்க, காட்டுங்க" என்றார்கள். அனிமல் ஹவுஸுக்கு வந்து, என் பழக்கப்படி சிலதையும் சீட்டுப் போட்டுச் சிலதையும் எடுக்கச் சொன்னார்கள். தகடுகளைச் செல்வராணியிடம் கொடுக்காமல் தானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். என் பழக்கத்தில் வந்ததில் கடுகுக்கு மேல் கடுகு. சீட்டில் வந்ததில் நாலு விதமும் கலந்து இருந்தன. வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்து, துறைத் தலைவரைப் பார்த்து, "பெண் எலின்னா நம்பர் ஆடுது ஆடுதுன்னு நாமளும் ஒதுக்கிட்டோம் சார். அது நாள் தவறாமத்தான் நடந்துக்கிட்டு இருந்திருக்கு" என்றார்கள்.

செல்வராணியின் பெயரை எடுக்கவில்லை. ஆனால் முதல் பாதி முழுவதையும் தள்ளிவிட்டார்கள். எந்த எலி எந்த நாளில் இருந்தது என்று தெரியாத கணக்கு எதற்கு ஆகும்? ஏழெட்டு மாத வேலை என் கையால் போனது. அவள் முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை அவள் அட்டவணையில் 'நாள்' என்று ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. அந்தக் கட்டம்தான் அவளுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது. எனக்கு ஒரு மெமோ கிடைத்தது, இரண்டு வருட ஊதிய உயர்வு நின்றது. அந்த ஏழெட்டு மாதத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை ஒருநாளும் சீட்டுப் போடாமல் எடுத்ததில்லை. டப்பாவில் சீட்டுகள் கந்தலாகிப் போகும், புதிதாக வெட்டிப் போடுவேன். பத்து வருடத்தில் இரண்டு தடவை கடி வாங்கினேன். தழும்பு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

கடைசி வேலை நாளில் ஒரே ஒரு எலி தேவைப்பட்டது. மூடியைத் திறந்ததும் ஒன்று ஓடிவந்து பின்காலில் எழும்பி என் விரலை மோந்தது. அதன் மீசை முடி விரலில் பட்டது. பதினேழாம் எண். இன்னொரு கையால் டப்பாவைக் குலுக்கிச் சீட்டை எடுத்துப் பிரித்தேன். பதினேழு என்று இருந்தது.

டப்பாவில் இன்னும் நிறையச் சீட்டு இருந்தது, அறையில் வேறு யாரும் இல்லை. சற்று நேரம் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு எலியைத் தடவிக்கொடுத்து, "வாத்தா" என்று எடுத்தேன். பதிவேட்டில் எண்ணை எழுதினேன், அதிலும் புதிதாகச் சேர்ந்திருந்த நாள் கட்டத்தில், காலையில் தகட்டில் பார்த்திருந்தபடி, ஜவ்வரிசி நாளுக்குரிய குறியைப் போட்டேன். குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானம் ஆய்வகத்தில் போய் நின்று, கோடு அடிவரைக்கும் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் சாவியை ஒப்படைத்தேன்.